ஓவிய வகுப்பில் படம் கோணலானால் எங்கே பார்ப்பது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிகள்

செட்டிநாட்டில் ஓவியம் படிக்கும் பிள்ளைகள் வரையப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), தேக்குத் தூண் வரிசை, ஆத்தங்குடி ஓடு பதித்த தரை, நிலைக்கு மேல் கஜலட்சுமி, அடுப்படியில் பித்தளைத் தவலை என்று எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. தொடக்கநிலை மாணவரைத் திணற வைக்கும் விஷயங்களும் அதே வீட்டுக்குள்தான் இருக்கின்றன. வட்ட வாய், இருபுறமும் ஒத்த வடிவம், உள்நோக்கி ஓடும் வரிசை, மினுக்கும் பரப்பு, நகர்ந்துகொண்டே இருக்கும் வெயில் எல்லாமே முதல் மாதத்திலேயே எதிரில் வந்து நிற்கும்.

படம் சரியாக வராதபோது பிள்ளை "எனக்குக் கை வரல சார்" என்கிறது. வீட்டில் "அவனுக்கு அந்தத் திறமை இல்லை" என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் வகுப்பில் கண்ணில் படும் கோளாறுகளில் பெரும்பாலானவை கையில் இல்லை. அதனால் பிழை தேடும்போது உட்கார்ந்த இடத்தையும் பலகையையும் முதலில் பாருங்கள். அடுத்து, பொருளை அளந்த விதத்தைப் பாருங்கள். பென்சிலும் தாளும் கையும் அதற்குப் பிறகுதான். எடுத்த எடுப்பில் கையைத் திருத்தப் போனால், பலகை தரையில் படுத்துக் கிடக்கும் வரை அதே பிழை திரும்பத் திரும்ப வரும்.

மேல்பாதி பெருத்து, பொருள் நீண்டு போகிறது

சம்மணமிட்டு உட்கார்ந்து, பலகையைத் தரையிலோ மடியிலோ கிடத்தி வரைபவர்களுக்கு இது தவறாமல் வரும். தாளின் மேல்விளிம்பு கண்ணுக்குத் தூரத்தில் இருக்கிறது. அங்கே போடும் கோடு சுருங்கித் தெரிவதால், கை தானாகவே அதைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு ஈடுகட்டுகிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். தாளைச் சுவரில் ஒட்டி ஆறடி தள்ளி நின்றால் குட்டு வெளிப்படும்.

திண்ணையிலோ பட்டாசாலையிலோ (கூடத்திலோ) உட்கார்ந்தால் முழங்காலை உயர்த்தி, பலகையின் மேல்முனை அதில் சாயும்படி வையுங்கள். பார்வைக் கோடு தாளில் ஏறக்குறைய செங்குத்தாக விழ வேண்டும். பலகையின் சாய்வு 45 முதல் 60 டிகிரிக்குள் இருந்தால் போதும். ஏ3 தாளுக்கு 18 அங்குலம் நீளம், 14 அங்குலம் அகலம் உள்ள 6 மி.மீ. பிளைவுட் போதுமானது. நான்கு மூலையிலும் கிளிப் போடுங்கள். இரண்டு கிளிப் மட்டும் போட்டால் தாள் சுழன்று, அது தனி ஒரு கோணலாகச் சேரும்.

வலக்கைப் பழக்கம் உள்ளவர் பொருளைத் தன் இடப்புறமும், இடக்கைப் பழக்கம் உள்ளவர் வலப்புறமும் வைத்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் சொந்தக் கையே பொருளை மறைக்கும். உட்கார்ந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். ஒரு சாண் நகர்ந்தாலே தவலையின் வாய் வேறு வடிவம் ஆகிவிடும்.

தவலையின் வாய் இரு ஓரமும் கூராக, அடி நேர்கோடாக வருகிறது

இரண்டும் ஒரே காரணத்தால் வருபவை. பிள்ளை தான் அறிந்ததை வரைகிறது. தவலை தட்டையான தரையில் நிற்கிறது என்பது தெரியும், எனவே அடிக்கு நேர்கோடு. வாய் திறந்திருக்கிறது என்பது தெரியும், எனவே மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு, இரண்டும் சந்திக்கும் இடத்தில் முனை.

இதைச் சரிசெய்ய ஒரு கண்ணாடி வளையல் போதும். அதைத் தரைக்குக் கிடையாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண் மட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அங்கே அது வெறும் கோடு. இரண்டு விரற்கடை இறக்கினால் ஒடுங்கிய நீள்வட்டம். மார்பு வரை இறக்கினால் அகன்ற நீள்வட்டம். எந்த நிலையிலும் ஓரத்தில் முனை கிடையாது. இதைப் பார்த்தபின் தவலைக்கு வரட்டும். வாய் கண் மட்டத்துக்கு அருகில் இருப்பதால் ஒடுக்கம். கழுத்து இன்னும் கொஞ்சம் அகலம். அடிதான் எல்லாவற்றையும்விட உருண்டது. அடியின் முன்வளைவு வாயின் முன்வளைவைவிடக் கூடுதலாகத் தொங்க வேண்டும்.

வரையும்போது முதலில் செங்குத்தாக ஒரு நடுக்கோடு. அதற்குக் குறுக்கே, சரியாகச் செங்கோணத்தில், வாய், கழுத்து, வயிறு, அடி ஆகிய நான்கு இடங்களிலும் அகலக் கோடு. ஒவ்வொரு அகலக் கோட்டையும் நீள அச்சாக வைத்து முழு நீள்வட்டம் போட வேண்டும். பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தவலை கண்ணாடியால் ஆனதாக எண்ணி முழுதாகவே போட்டு, பிறகு அழிக்கட்டும். பாதி வளைவு மட்டும் போடுபவர்களுக்குத்தான் முனை வருகிறது. சரிபார்க்கத் தாளைக் கால் திருப்பு திருப்புங்கள். நிமிர்ந்து பார்க்கும்போது தெரியாத வீக்கமும் சரிவும் படுக்கவைத்தால் உடனே தெரியும்.

முதல் பத்து நீள்வட்டங்கள் அசிங்கமாகத்தான் வரும். பழைய செய்தித்தாளில், கையை நிறுத்தாமல் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிப் போடச் சொல்லுங்கள். ஒரே சுற்றில் மெதுவாக ஊர்ந்தால் வளைவு உடைந்துகொண்டே போகும்.

குத்துவிளக்கு சாய்கிறது, அல்லது இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை

இவை இரண்டும் வேறு வேறு நோய். நடுக்கோடே சாய்ந்திருந்தால் தாள் பலகையில் கோணலாக இருக்கிறது அல்லது மாணவர் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். நூலில் ஒரு சாவியைக் கட்டித் தொங்கவிட்டு, அதை விளக்குக்கு நேராகவும் பிறகு தாளுக்கு நேராகவும் பிடித்துப் பாருங்கள். பழைய பித்தளை விளக்குகளில் தண்டு உண்மையிலேயே வளைந்திருப்பதும் உண்டு. அப்படியானால் பிள்ளை சரியாகத்தான் வரைந்திருக்கிறது. அதை "நிமிர்த்து" என்று சொல்லிக் கெடுத்துவிடக் கூடாது.

நடுக்கோடு நேராக இருந்தும் பக்கங்கள் ஒத்துவராவிட்டால், இடப்பக்கம் முழுவதையும் முடித்துவிட்டு வலப்பக்கத்துக்குப் போயிருப்பார். முதலில் உயரங்களைக் குறித்து, ஒவ்வொரு உயரத்திலும் அகலத்தை இருபுறமும் ஒரே நேரத்தில் புள்ளி வைக்க வேண்டும். பிறகு ஒரு வளைவு இடது, அதே வளைவு வலது என்று மாறி மாறி இறங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் படத்தை முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டுங்கள்.

வளவுத் தரை சுவர்போல் எழுந்து நிற்கிறது, தூண்கள் மிதக்கின்றன

இந்த வட்டாரத்து மாணவர்களை அதிகம் அழவைப்பது இதுதான். அதேபோல், ஒருமுறை பிடிபட்டால் அவர்களை அதிகம் உயர்த்துவதும் இதுதான். நாட்டுக்கோட்டை வீடுகள் பலவற்றில் முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். நிலைகள் ஒரே நேர்கோட்டில் அமைந்திருப்பதால், முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு எல்லாவற்றையும் தாண்டிப் பின்வாசல் வெளிச்சம் வரை பார்வை போகும். பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரம் போகப் போகப் பொருள் சிறுத்துத் தெரிவதை வரையும் முறை, கற்க இதைவிட நல்ல பாடக்கூடம் கிடையாது.

பெரும்பாலான பிழைகள் கண் மட்டத்தைக் குறிக்காமல் தொடங்குவதால் வருகின்றன. மாணவர் நின்று வரைகிறாரா, உட்கார்ந்து வரைகிறாரா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தரையில் சம்மணமிட்டால் கண் மட்டம் இரண்டு, இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். நின்றால் அவரவர் உயரத்துக்கு ஏற்ப நான்கு, ஐந்து அடி. பாதிப் படத்தை உட்கார்ந்தும் மீதியை எழுந்து நின்றும் வரைந்தால், தரை ஒரு கண் மட்டத்துக்கும் உத்தரம் இன்னொரு கண் மட்டத்துக்கும் ஓடும். தூண்கள் மிதப்பது இதனால்தான்.

செய்முறை இது. பின்வாசல் நிலையைத் தாளில் சிறு செவ்வகமாகப் போடுங்கள். அதன் எந்த உயரத்தில் உங்கள் கண் மட்டம் விழுகிறது என்று பென்சிலைக் கிடையாகப் பிடித்துப் பார்த்து, அங்கே தாளின் முழு அகலத்துக்கும் மெல்லிய கோடு இழுங்கள். அந்தக் கோட்டில், நேர் எதிரே ஒரு புள்ளி. அதுதான் மறைபுள்ளி. உங்களை விட்டு உள்ளே ஓடும் எல்லா விளிம்புகளும் அங்கே சேரும். கண் மட்டத்துக்கு மேலே உள்ள உத்தரமும் விட்டமும் இறங்கி வரும். கீழே உள்ள தரை விளிம்பும் திண்ணை விளிம்பும் ஏறி வரும். தரை எழுந்து நிற்கும் படங்களில் இந்தப் புள்ளி தாளின் உச்சியில் இருக்கும். அல்லது ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு புள்ளி இருக்கும்.

அடுத்த சிக்கல் தூண்களின் இடைவெளி. எல்லாத் தூணும் சம தூரத்தில் நடப்பட்டவை என்று தெரிவதால் பிள்ளை தாளிலும் சம இடைவெளி விடுகிறது. பின்னால் போகப் போக இடைவெளி குறைய வேண்டும், ஆனால் எவ்வளவு என்று கண்ணால் ஊகிப்பது கடினம். அதற்கு ஒரு கணக்கு உண்டு. முதல் இரண்டு தூண்களைக் கண்ணால் அளந்து போடுங்கள். முதல் தூணின் நடு உயரத்திலிருந்து மறைபுள்ளிக்கு ஒரு கோடு. அது இரண்டாம் தூணை அதன் நடுவில் வெட்டும். இப்போது முதல் தூணின் தலையிலிருந்து அந்த வெட்டுப் புள்ளி வழியாக ஒரு சாய்கோடு இழுத்து, தூண் அடிகள் நிற்கும் தரைக் கோட்டைத் தொடும் வரை நீட்டுங்கள். அது தொடும் இடத்தில்தான் மூன்றாம் தூணின் அடி. இரண்டாம் தூணின் தலையிலிருந்து இதையே செய்தால் நான்காவது கிடைக்கும்.

ஓட்டுத் தரைக்கும் இதே கருத்துத்தான். தாளின் அடியில் சம இடைவெளியில் புள்ளிகள் வைத்து ஒவ்வொன்றையும் மறைபுள்ளியோடு இணைத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசை ஓட்டின் ஆழத்தை மட்டும் பார்த்துக் கிடைக்கோடு போடுங்கள். மூலையில் உள்ள ஓட்டின் மூலைவிட்டத்தைத் தொடர்ந்து நீட்டினால், அது ஒவ்வொரு உள்ளோடும் கோட்டையும் வெட்டும் இடத்தில் அடுத்தடுத்த கிடைக்கோடுகள் வரும். தரைக் கட்டம் முடியும் முன் பூ வடிவத்துக்குள் போகவே கூடாது. பூவை முதலில் போட்டுவிட்டு அதற்கேற்பக் கட்டத்தை வளைக்கும் பழக்கம், கோலம் நன்றாகப் போடும் பிள்ளைகளிடம் கூடுதலாக இருக்கிறது. அவர்கள் பூவை மேலிருந்து பார்த்த வடிவிலேயே வைத்திருக்கிறார்கள். கட்டம் நசுங்கினால் பூவும் நசுங்க வேண்டும் என்பதை ஒரே ஓட்டில் செய்து காட்டினால் போதும், பிடித்துக்கொள்வார்கள்.

தூணுக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தாலும் படம் விகாரமாகும். தலையைத் திருப்பாமல் முழுக் காட்சியும் கண்ணுக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் பின்னால் நகருங்கள். கணக்கு பிசகாமல் போட்டிருந்தும் ஓரத்து ஓடுகள் இழுபட்டுத் தெரிந்தால் காரணம் இதுதான்.

கடைசித் தூணுக்குத் தாளில் இடமில்லை

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 7 செ.மீ.க்கு 5 செ.மீ. அளவில் ஒரு சன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். இது ஏ3, ஏ4 தாள்களின் விகிதத்துக்குச் சரியாக வரும். அதன் வழியாகப் பார்த்து, சன்னலின் நான்கு விளிம்பையும் எது எது தொடுகிறது என்று தாளில் முதலில் குறியுங்கள். நீண்ட முகப்பை வரைபவர்கள் தாளைப் படுக்கையாக வைத்து, வெளி எல்லைச் செவ்வகத்தைப் போட்டு, நடு வாசலையும் இரு ஓரங்களையும் நிறுத்திவிட்டு இடையில் உள்ளதை நிரப்ப வேண்டும். இடது ஓரத்தில் தொடங்கி வலது நோக்கிப் போனால் இடம் போதவே போதாது.

கஜலட்சுமி அருமை, வீடுதான் சரியில்லை

சுதை வேலைப்பாடும் நிலைச் செதுக்கலும் கண்ணை இழுத்துவிடும். பிள்ளை ஒரு யானையின் தும்பிக்கையிலேயே முக்கால் மணி நேரம் செலவிடும். அந்த ஆர்வத்தைக் கண்டிக்க வேண்டாம், நேரத்தைப் பிரித்துக் கொடுங்கள். ஒரு மணி நேர வகுப்பில் முதல் 15 நிமிடம் பெரிய செவ்வகங்களும் முக்கோணங்களும் மட்டும். அடுத்த 15 நிமிடம் அவற்றுக்குள் அளவுகள். ரப்பர், ஷார்ப்னர் இரண்டையும் அதுவரை எடுத்து வைத்துவிடலாம்.

அளவு எடுக்கும்போது நடக்கும் தவறு ஒன்றே ஒன்றுதான்: முழங்கை மடங்கிவிடுகிறது. கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலைப் பார்வைக்குக் குறுக்காகப் பிடிக்க வேண்டும். பொருளை நோக்கிப் பென்சில் சாயக் கூடாது. நிலையின் அகலம் ஒரு பங்கு என்றால் உயரம் எத்தனை பங்கு என்பதுதான் தேவை. அங்குலக் கணக்கு தேவையில்லை.

கோடு பிசிறடிக்கிறது

சின்னச் சின்னத் துண்டாகத் தடவித் தடவிப் போடுவதால் வருவது. மாணவர் பென்சிலை எழுதுவதுபோல் நுனியில் பிடித்து மணிக்கட்டை மட்டும் அசைக்கிறார். மணிக்கட்டு ஐந்தாறு சென்டிமீட்டருக்கு மேல் நேராகப் போகாது. பென்சிலின் நடுவில், உள்ளங்கைக்குக் கீழாகப் பிடித்துத் தோளிலிருந்து அசைக்க வேண்டும். தொடங்கும் புள்ளியையும் முடியும் புள்ளியையும் வைத்துவிட்டு, தாளைத் தொடாமல் இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்து, பிறகு ஒரே இழுப்பு. கண் முடியும் புள்ளியில் இருக்கட்டும், பென்சில் நுனியில் இருக்கக் கூடாது.

கோலம் போட்டுப் பழகியவர்களுக்கு இது எளிது. விரல் மாவை விடுகிறது, வளைவைப் போடுவது தோள். அதையே தாளிலும் செய்யச் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள். அரசு தொழில்நுட்பத் தேர்வின் ஃப்ரீஹேண்ட் அவுட்லைனுக்கு (வெறுங்கையால் வெளிக்கோடு வரையும் பாடத்துக்கு) தயாராகிறவர்கள் இந்தப் பயிற்சியை ஒருநாளும் விட வேண்டாம்.

ஷேடிங் போட்டால் எல்லாம் ஒரே சாம்பல், அழுத்தினால் பளபளக்கிறது

பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே எச்.பி. பென்சில் மட்டும்தான் இருக்கும். எச்.பி.யால் ஆழ்ந்த கறுப்பு தர முடியாது. அழுத்த அழுத்தத் தாளின் சொரசொரப்பு நசுங்கி, கிராஃபைட் மெருகேறும். அப்படி மெருகேறிய இடத்தில் பிறகு 6பி போட்டாலும் பிடிக்காது. வெளிக்கோட்டுக்கு எச்.பி., நடுத்தர நிழலுக்கு 2பி, ஆழத்துக்கு 4பி அல்லது 6பி என்று மூன்று பென்சில் போதும். பிளேடால் சீவி, முனை ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரியட்டும். பக்கவாட்டில் படுக்கவைத்து, அழுத்தாமல், மூன்று நான்கு அடுக்காக ஏற்ற வேண்டும். ஜெராக்ஸ் தாள் வழவழப்பானது, அடுக்குகளைத் தாங்காது. 130 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) அல்லது அதற்கு மேற்பட்ட கார்ட்ரிட்ஜ் தாள், அதாவது சொரசொரப்பான ஓவியத் தாள், வாங்குங்கள். சார்ட் தாள்தான் கிடைக்கிறது என்றால் மினுக்கம் குறைந்த பக்கத்தில் போடுங்கள்.

விரலால் தேய்த்து மென்மையாக்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். விரலின் எண்ணெய் தாளில் ஏறினால் அந்தத் திட்டு அழியாது. கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொண்டால் கோடையில் வியர்வையால் கலைவதும் நிற்கும்.

உருண்டைத் தூண் தட்டையாகத் தெரிந்தால், மிகக் கறுத்த பட்டையை ஓரத்தில் வைத்திருப்பார்கள். தூணின் நிழல்பக்கத்தில் கறுத்த பட்டை ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும். ஓரத்தில், முற்றத்துத் தரையிலிருந்து எழும் எதிரொளி லேசாகப் படும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும். மெருகேற்றிய தேக்கிலும் கருங்கல்லிலும் பளிச்சென்ற ஒளி ஒடுங்கிய பட்டையாக, விளிம்பு வெட்டினாற்போல் இருக்கும். அதைக் குழைத்து மங்கலாக்கினால் தூண் மண்ணால் ஆனதுபோல் ஆகிவிடும்.

ஆத்தங்குடி ஓடு கண்ணாடி மேல் வார்த்து எடுக்கப்படுவதால் முகம் வழவழப்பு. துடைத்த தரையில் தூணின் பிம்பமும் விழும், நிழலும் விழும். மாணவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்புவார்கள். பிம்பம் எப்போதும் தூணுக்கு நேர் கீழே, செங்குத்தாக இறங்கும். நிழல் வெளிச்சம் வரும் திசைக்கு எதிரே சாயும். இதைத் தனித்தனியாகப் போட்ட அன்று தரை தரையாகப் படுத்துக்கொள்ளும்.

வெள்ளைச் சுவருக்கு ஒரு வார்த்தை. சுண்ணாம்புப் பூச்சு வெள்ளை என்பதால் தாளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பட்டாசாலையின் உட்சுவர் நிழலில் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளை முற்றத்து வெயிலில் நீட்டி, அதையும் சுவரையும் சேர்த்துப் பாருங்கள். சுவர் நல்ல சாம்பல். அந்தச் சாம்பலைத் தைரியமாகப் போட்டால்தான் முற்றத்து வெயில் வெயிலாகத் தெரியும்.

நேற்றைய நிழலும் இன்றைய நிழலும் ஒத்துவரவில்லை

ஒரு மணி நேரத்தில் சூரியன் 15 டிகிரி நகர்கிறது. முற்றத்து நிழல் ஒரு வகுப்பு முடிவதற்குள் அடுத்த தூணைத் தொட்டுவிடும். முதல் பத்து நிமிடத்துக்குள் நிழலின் எல்லையை மெல்லிய கோட்டால் பூட்டிவிட்டு, தாளின் மூலையில் நேரத்தை எழுதுங்கள். பிறகு நிழல் எங்கே போனாலும் துரத்த வேண்டாம். அடுத்த அமர்வு அதே நேரத்தில் இருக்கட்டும். நண்பகல் வெளிச்சம் நேர் மேலிருந்து விழுவதால் வடிவங்கள் தட்டையாகும். காலை எட்டு மணியோ மாலை நாலு மணியோ நல்லது.

வாட்டர் கலர் திட்டுத்திட்டாகக் காய்கிறது

சித்திரை வெயிலில் பிரஷ் அடுத்த வரிக்கு வருவதற்குள் முந்தைய வரி காய்ந்து விளிம்பு கட்டும். தேவைக்கு இருமடங்கு வண்ணம் முன்கூட்டியே கரைத்து, தாளை லேசாக ஈரப்படுத்தி, பலகையைச் சற்றே சாய்த்து, வரியின் அடியில் தேங்கும் ஈரத்தை அடுத்த வரியோடு சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்குங்கள். பாதி காய்ந்த இடத்தில் ஈரப் பிரஷ்ஷை வைத்தால் பூப்பூவாய்ப் படரும். கைவைக்காமல் முழுதாகக் காய விடுவதுதான் வழி. தாள் நெளிந்தால் எடை போதவில்லை. 300 ஜி.எஸ்.எம். வாங்குங்கள் அல்லது நான்கு விளிம்பிலும் டேப் ஒட்டுங்கள். நிறம் சேறாகிப் போனால் மூன்றுக்கு மேல் வண்ணங்கள் கலந்திருக்கும் அல்லது தண்ணீர் மாற்றியிருக்க மாட்டார்கள். செம்மண்ணுக்கு பர்ன்ட் சியன்னாவில் தொடங்கினால் சிவப்பையும் கறுப்பையும் கலந்து திணற வேண்டியதில்லை.

போன் படத்தைப் பார்த்து வரைந்தால் தூண்கள் மேலே சேர்கின்றன

போனை மேல்நோக்கிச் சாய்த்து எடுத்த படம் அப்படித்தான் இருக்கும். அருகில் நின்று எடுத்தால் ஓரங்களும் இழுபடும். பின்னால் போய், போனை நிமிர்த்திப் பிடித்து, இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். ஆனாலும் முதல் ஆறு மாதம் பொருளைப் பார்த்தே வரைவது நல்லது. படத்தில் அளவு எடுக்கும் வேலையைக் கேமரா செய்து முடித்துவிட்டதால், மாணவரின் கண் பழகவே பழகாது.

ஆச்சி முகத்தில் கண் நெற்றிக்கு ஏறிவிடுகிறது

மண்டையின் உச்சியிலிருந்து தாடை வரை அளந்தால் கண் நடுவில் விழும். கொண்டையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நெற்றியிலும் தலைமுடியிலும் வரைய ஒன்றுமில்லை என்று மனம் அதைச் சுருக்கிவிடுவதால்தான் கண் மேலேறுகிறது. இரு கண்ணுக்கும் இடையே ஒரு கண் அகலம் விடுங்கள். காதைப் புருவ மட்டத்துக்கும் மூக்கடிக்கும் இடையே வையுங்கள். தோடு எங்கே தொங்குகிறது என்பதை அதன்பின் பார்க்கலாம்.

எதை வரையச் சொன்னாலும் இரண்டு மலை, நடுவே சூரியன்

இந்த வட்டாரத்தில் கண்மாயும் பனையும் பொட்டலும் உண்டு, அப்படி ஒரு மலைக் காட்சி கிடையாது. பிள்ளை கற்றுக்கொண்ட ஒரு குறியீட்டை எழுதுகிறது. அதைத் தவறு என்று சொன்னால் அடுத்து ஒன்றுமே வரையாது. கையில் ஒரு பொருளைக் கொடுங்கள்: மூடி போட்ட ஓலைக் கொட்டான் (பனையோலைக் கூடை), தேங்காய்ச் சிரட்டை, பூட்டு. பெயர் சொல்லாமல், தாளைப் பார்க்காமல், விளிம்பை மட்டும் கண்ணால் தொடர்ந்து ஐந்து நிமிடம் வரையச் சொல்லுங்கள். படம் கோணலாக வரும். ஆனால் அதில் அந்தக் கொட்டானின் ஏதோ ஒரு உண்மையான வளைவு இருக்கும். அந்த ஒரு வளைவைத் தொட்டுக்காட்டி, "இதை நீ பார்த்து வரைஞ்சிருக்கே" என்று சொல்ல வேண்டும். பொதுவாக "நல்லா இருக்கு" என்பதால் பிள்ளைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

"முன்னைவிட மோசமா வரையிறேன்"

மூன்று நான்கு மாதம் ஒழுங்காகப் பழகியவர்களிடம் இந்தப் பேச்சு வரும். வகுப்பை விட்டு நிற்பதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். கண் கையைவிட வேகமாக வளர்ந்துவிட்டது. முன்பு தெரியாத பிழைகள் இப்போது தெரிகின்றன. இது வாயால் சொல்லித் தீராது, தாளால் காட்ட வேண்டும்.

ஆகவே சேர்ந்த நாளிலிருந்தே சில பழக்கங்கள் தேவை. எந்தத் தாளையும் கிழிக்கக் கூடாது. ஒவ்வொன்றின் பின்னும் தேதி, எடுத்துக்கொண்ட நேரம், பென்சில் எண் எழுத வேண்டும். கூடவே மூன்று வரிகள்: எது வந்தது, எது வரவில்லை, அடுத்த முறை எதை முதலில் பார்ப்பேன். மூன்றாவது வரியில் "நல்லா வரையணும்" என்று எழுதினால் ஏற்காதீர்கள். "அடியின் வளைவை வாயின் வளைவோடு ஒப்பிடணும்" என்பதுபோல் கை வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதே சொம்பை, அதே இடத்திலிருந்து, அதே அரை மணி நேரத்தில் வரையட்டும். அந்தத் தாள்களை வரிசையாகச் சுவரில் ஒட்டி ஆறடி தள்ளி நிற்கவைத்தால், வளர்ச்சி எங்கே நடந்தது, எங்கே நின்றுபோனது என்பது மாணவருக்கே தெரியும். பக்கத்துப் பிள்ளையின் படத்தோடு ஒப்பிடும் வேலை அப்போது குறையும். வீட்டாருக்கும் இதையே காட்டுங்கள். பரிசுக் கோப்பையைவிட அந்த வரிசை அவர்களுக்கு நிறையச் சொல்லும்.

ஆறு மாத வரிசையில் ஒரே பிழை எல்லாத் தாளிலும் இருந்தால், மறுபடி தொடக்கத்துக்குப் போய்ப் பலகைச் சாய்விலிருந்து தேடுங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் கண் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். தூரத்துத் தூணின் விளிம்பு தெரியாத பிள்ளை, அதைச் சொல்லத் தெரியாமல் எல்லாத் தூணையும் மங்கலாகவே வரைந்துகொண்டிருக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் தாளில் உங்கள் கோட்டைப் போடாதீர்கள். மேலே டிரேசிங் தாளை வைத்து, அதில் திருத்திக் காட்டுங்கள். தாளைத் தூக்கினால் அதன் படம் அதற்கே இருக்கும், இறக்கினால் வித்தியாசம் தெரியும். ஒரு வகுப்பில் ஒரு பிழையைத் தவிர வேறொன்றையும் திருத்த வேண்டாம். அந்த டிரேசிங் தாளிலும் தேதி போட்டுப் படத்தோடு சேர்த்துக் கிளிப் செய்துவிடுங்கள். அடுத்த முறை அதே பொருளை வரையத் தொடங்கும் முன் மாணவரே அதை எடுத்துப் பார்த்துக்கொள்வார்.